வேன் வராத நான்கு ஞாயிறுகள்

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. ஆனால் கோயில் பங்கு மக்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் வேன்காரர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்: "வேன்காரரே, சாப்பாடு ஆறிப்போகுது."

வாரத்தில் ஆறு நாள் அந்த வேன் பிஸ்கட் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றியது. ஏழாம் நாள் கோயிலுக்கு. கால்வாய்க்கு அக்கரைக் குடியிருப்பில் இருந்த வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், பாலத்தின் ஏற்றத்தைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறவர்கள் என்று இருபத்தாறு பேரை இரண்டு நடையாக ஏற்றி வந்து பூசைக்கு விடுவார். கூலி கிடையாது. யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதுகூட இல்லை. ஒரு மழைநாளில் பாலத்தில் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாலு பேரை ஏற்றினார்; அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அந்தக் கோயில் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு நிற்கிறது. வேன்காரர் இன்னமும் ஞாயிறுதோறும் வருகிறார், ஆனால் ஆறு மைல் தள்ளியிருக்கும் பெரிய கோயிலுக்கு. இருபத்தாறு பேர் பதின்மூன்றாகிவிட்டதால் ஒரே நடைதான். போகிற வழியெல்லாம் பேச்சு பழைய கோயிலைப் பற்றித்தான் இருக்கும்.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் மழை ஒழுகும். அங்கே உட்கார்கிறவர் பூசை முழுக்கத் தீர்த்தத்தில் நனைந்துகொண்டே இருப்பார். சூசையப்பர் சுரூபத்தின் தோளில் ஒரு புறா குடியிருந்தது. மணியில் கீறல் விழுந்து, அடித்தால் பாத்திரம் கீழே விழுந்த மாதிரி சத்தம் வரும். எல்லாவற்றையும்விட, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டின் கதவு!

"உள்ளே போனா ஒரு கிரீச், வெளியே வந்தா ஒரு கிரீச்," என்பார் நர்ஸம்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு கிரீச்சுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு பார்த்தாப் போதும், யாரு என்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சுடும். இந்தப் புதுக் கோயில்ல கதவு சத்தமே போடலை. பூசைக்கு வந்த மாதிரியே இல்ல."

வேன் முழுக்கச் சிரிக்கும். சிரித்து முடித்ததும் பேச்சு கட்டாயம் ஒரு இடத்துக்கு வந்து சேரும். "ஆயர் இல்லத்துக்காரங்களுக்கு நல்ல கதி கிடைக்காது. ஆட்டை மாட்டை எண்ணுற மாதிரி எண்ணிப் பார்த்து மூடிட்டாங்களே, பாவிங்க."

அந்த இடத்தில் வேன்காரர் ஹாரன் அடிப்பார். எதிரே ஒரு வண்டியும் இருக்காது.

விஷயம் இதுதான். கோயில் கட்டி எழுபத்தைந்து வருஷம் முடிந்ததற்கு ஒரு நன்றிப் பூசை நடந்தது. பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் வந்தார். செயலாளர் வேறு யாருமில்லை, வேன்காரரின் தங்கை வீட்டுக்காரர். குடிநீர் வாரிய ஆபீசில் குமாஸ்தா. பாடகர் குழுவுக்கு நன்றி சொன்னார். பூ வைத்தவர்களுக்கு, மைக் பழுது பார்த்தவருக்கு, வெள்ளையடிக்க ஏணி இரவல் கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலோரம் நின்றிருந்த வேன்காரர் காலரைச் சரிசெய்துகொண்டார். செயலாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஏணிக்கு உண்டு, வேனுக்கு இல்லை.

வெளியே வந்ததும் வேன்காரர் சிரித்த முகமாகத்தான் கேட்டார். "என்ன மாப்பிள்ளை, நம்ம பேரு எழுத இடம் பத்தலையா?"

"நம்ம வீட்டு ஆளுக்கு நாமே நன்றி சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும், மச்சான்?" என்றார் செயலாளர். அதோடு விட்டிருக்கலாம். "அப்புறம், வேனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. புதுசாப் போட்ட சிமெண்ட்ல ஆயில் ஒழுகி வெச்சிருக்கு, பாருங்க."

பக்கத்தில் நின்ற ஐந்தாறு பேரில் யாரோ சிரித்தார்கள். அது ஒரு சாதாரணச் சிரிப்பு. ஆனால் வேன்காரரின் காதில் அது ஒரு வாரம் தங்கிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அக்கரைக் குடியிருப்பில் இரண்டு பேருக்குப் போன் செய்து, "கியர்பாக்ஸ் போயிடுச்சு, வேன் ஒர்க்‌ஷாப்ல நிக்குது, மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க," என்றார்.

வேன் வீட்டு வாசலில் நின்றது. திங்கட்கிழமை விடியும் முன்னே தொழிற்சாலைக்குப் போனது. அக்கரைக்காரர்கள் யாரும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருகிறவர்கள் இல்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் கெட்டுப்போற கியர்பாக்ஸை நான் இப்பத்தான் பார்க்கிறேன்," என்றாள் மனைவி.

"வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். மேலே ஒருத்தர் பார்த்துட்டு இருக்காரே, அவர் வாயை யார் மூடுறது?"

முதல் ஞாயிறு அவருக்கு ருசியாகவே இருந்தது. எட்டு மணி வரை படுத்திருந்தார். இரண்டாம் ஞாயிறு படுத்திருக்க முடியவில்லை, வேனைக் கழுவினார். யாராவது வருவார்கள், மாப்பிள்ளையோ பங்குச் சாமியாரோ வந்து, "நீங்க இல்லாம கோயிலே வெறிச்சோடிக் கிடக்கு, வாங்க," என்று கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்தார். யாரும் வரவில்லை. வராததாலேயே மூன்றாம் ஞாயிறும் போகவில்லை. நான்காம் ஞாயிறு வைராக்கியம் கரைந்து வீம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்த வாரம் போய்விடுவது என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார்.

அதற்குள் புதன்கிழமை சர்வேயர் இறந்துபோனார். அக்கரைக் குடியிருப்பிலிருந்து முதல் நடையில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர் அவர். வலது கால் மடங்காது, அதனால் முன் சீட்டு அவருக்கென்றே இருந்தது. அடக்கத்துக்கு ஆட்களை ஏற்ற வேன்காரர் வேனை எடுத்துக்கொண்டு போனார். சர்வேயரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், கல்லறையில் வேன்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, வேன் சரியாயிடுச்சு. உங்க வேன்ல வர்றதுன்னா அவருக்கு அவ்வளவு பிடிக்கும்."

வேன்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு மாதம் கழித்துப் பங்குச் சாமியார் ஆயர் இல்லத்துக் கடிதத்தை வாசித்தார். எல்லாக் கோயில்களிலும் நான்கு ஞாயிறுகள் பூசைக்கு வருகிறவர்களை எண்ணியிருக்கிறார்கள். எண்ணுவதை முன்கூட்டி மக்களுக்குச் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. நூற்றைம்பது பேருக்குக் குறைந்த கோயில்களைப் பக்கத்துப் பங்கோடு இணைப்பது என்று தீர்மானம். "நம்முடைய கோயிலின் சராசரி நூற்று முப்பத்தொன்று," என்று வாசித்துவிட்டு, எண்ணிய தேதிகளையும் வாசித்தார். நான்கும் வேன் வராத ஞாயிறுகள்.

வேன்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஒருமுறைகூடத் தேறியதில்லை. ஆனால் வாசலோரம் நின்றபடி அந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டுவிட்டார். நூற்று முப்பத்தொன்றும் இருபத்தாறும் நூற்று ஐம்பத்தேழு.

கோயிலை இடிக்க மூன்று வாரம் ஆயிற்று. தொழிற்சாலைக்குப் போகிற வழியில்தான் கோயில். ஒரு நாள் ஓடுகள் இறங்கியிருக்கும், ஒரு நாள் கூரைச் சட்டங்கள், ஒரு நாள் பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் வானத்தைப் பார்த்துத் தனியாக நிற்கும். சாலையோரம் நின்று அழுகிறவர்களை வேன்காரர் கண்ணாடி வழியே பார்த்தார். இறங்கிப்போய் அவர்களோடு நின்று அழ அவருக்கு முகம் இல்லை.

பெரிய கோயிலின் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "உங்க ஒருத்தராலயா ஒரு கோயில் மூடும்? மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க," என்று சொல்லி, மூன்று மங்கள வார்த்தை ஜெபம் அபராதமாகக் கொடுத்தார் அந்த இளம் சாமியார். வேன்காரர் முந்நூறு சொன்னார். நெஞ்சில் இருந்த கல் அசையவில்லை.

ஆறு வருஷம் இப்படியே போனது.

பெரிய கோயிலின் பக்கவாட்டுச் சுவரில் பழைய கோயிலுக்கென்று ஒரு இடம் ஒதுக்கலாம் என்று சாமியார் சொன்னதும், ஆளாளுக்கு போட்டோ தேடினார்கள். கணக்கு டீச்சர் போட்டோ தேடவில்லை. ஒரு பெரிய சார்ட் தாளை வாங்கி, பழைய கோயிலின் பெஞ்சுகளை அளவு தப்பாமல் வரைந்து, எந்த பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தார். இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், ஒருவரையும் விடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேன்காரரை வீட்டுக்கு வரச் சொன்னார்.

சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள் விரிந்திருந்தது. நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்திருந்தார்.

"இந்தப் பக்கம் எட்டாவது பெஞ்சுல தையல்கார அக்காவா, அவங்க நாத்தனாரா?"

"நாத்தனார்தான் டீச்சர். அக்கா தூண் மறைக்காத பக்கம் மாறி உக்காந்துடுவாங்க."

டீச்சர் அழித்து எழுதினார். வாசலோரம் ஒரு சின்ன வட்டம் போட்டு, "இது நீங்க," என்றார். "நீங்க ஒரு நாளும் உக்காந்து நான் பார்த்ததில்ல."

வேன்காரர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரர் பேருக்குக் கீழே, அவர் கடைசியா நம்ம கோயில்ல பூசை பார்த்த தேதியை எழுதலாம்னு ஆசை. உங்க வேன் கெட்டுப்போனதே, அதுக்கு முந்தின ஞாயிறு. அது எந்தத் தேதி? உங்க ஒர்க்‌ஷாப் சீட்டு ஏதாவது இருக்குமா?"

"இல்லைங்க டீச்சர்."

"தேடிப் பாருங்க. அந்த நாலு ஞாயிறும் அவர் காலையில ஆறரைக்கே சட்டையைப் போட்டுக்கிட்டு கேட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்துடுவார். வேன் வராதுன்னு சொன்னாங்களேன்னு நான் சொன்னா, மெக்கானிக் ராத்திரியோட ராத்திரியா முடிச்சிருப்பான், வேன்காரர் வந்துடுவார், நீ கிளம்புன்னுவார். பத்து மணி வரைக்கும் உக்காந்திருப்பார். அப்புறம்தான் சட்டையைக் கழட்டுவார்."

ஆறு வருஷமாகக் கோயிலை மட்டும்தான் வேன்காரர் சுமந்துகொண்டிருந்தார். கேட்டுப் பக்கத்து நாற்காலியைப் பற்றி அவருக்குத் தெரியாது.

"ஒர்க்‌ஷாப் சீட்டு கிடையாது டீச்சர்," என்றார். "வேன் கெடவே இல்ல."

டீச்சர் பென்சிலோடு நிமிர்ந்தார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஏணிக்கு நன்றி சொன்னது, ஆயில் ஒழுகியது, யாரோ சிரித்தது. சொல்லச் சொல்ல அந்தக் காரணங்கள் அந்த மேசைக்கு முன்னால் எவ்வளவு அற்பமாக இருக்கின்றன என்று அவருக்கே கூசியது. நூற்று முப்பத்தொன்று என்று அவர் ஆரம்பித்ததும் டீச்சர் கையை உயர்த்தினார்.

"நூத்தி அம்பத்தேழு," என்றார். "எனக்குக் கூட்டத் தெரியும்."

பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"கோயிலை விடுங்க. நூத்தி அம்பத்தேழு வந்திருந்தா, இருநூறு வேணும்னு அடுத்த வருஷம் கேட்டிருப்பாங்களோ என்னவோ. அதை நான் உங்க தலையில கட்ட மாட்டேன். ஆனா அவர் நாலு வாரம் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். உங்களை நம்பி உக்காந்திருந்தார். அதை நான் என்ன செய்யுறது, சொல்லுங்க?"

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"இப்ப நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை பனியனோடு உட்கார்ந்து வாரிய ஆபீஸ் பென்ஷன் மனு ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். வேன்காரர் நின்றபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

மாப்பிள்ளை பேனாவை மூடினார். "தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"வேன் கெடலைன்னு. ரெண்டாவது வாரம் சனிக்கிழமை பெட்ரோல் பங்குல பார்த்தேன். நீங்க என்னைப் பார்க்கல." மாப்பிள்ளை தலை குனிந்திருந்தார். "தலை எண்ணுறாங்கன்னும் எனக்குத் தெரியும். சாமியாரும் நானும்தானே எண்ணினோம். வெளியே சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா உங்ககிட்ட, மச்சான் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு எந்த உத்தரவும் குறுக்கே நிக்கல. வாய் வரல. அவரே இறங்கி வரட்டுமேன்னு இருந்துட்டேன்."

சமையலறைக் கதவு நிலையில் தங்கை வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

"ஆக, ரெண்டு பேருமாச் சேர்ந்துதான்," என்றாள். "நான் ஆறு வருஷமா அந்த ஆயரைத் திட்டிட்டு இருக்கேன். மனுஷன் விக்கியே செத்திருப்பார்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அண்ணே, எனக்குத் தாலி கட்டின கோயில்ணே அது. என் ரெண்டு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தின கோயில்."

அன்று அவள் அண்ணனுக்குச் சாப்பாடு போடவில்லை. புருஷனுக்குப் போட்டாளா என்று வேன்காரருக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. அக்கரைக் குடியிருப்பில் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். டீச்சர் இல்லை. "ஆறரைக்கே பஸ்ஸுக்குப் போயிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் நர்ஸம்மா. டீச்சர் போவதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வேன் பாலத்தில் ஏறியது. வழக்கம்போல யாரோ ஆயர் இல்லத்தை இழுத்தார்கள்.

வேன்காரர் ஹாரன் அடிக்கவில்லை. வேனை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, கண்ணாடியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி முடித்தார். மாப்பிள்ளை சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது மாப்பிள்ளை சொல்ல வேண்டியது.

பின் சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பாலத்தில் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். தபால்காரருக்கு மூட்டு வலி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். கூப்பிட வேன்காரருக்கு வாய் வரவில்லை.

நர்ஸம்மாதான் கடைசியில் பேசினார். "வண்டியை எடுங்க. பூசைக்கு நேரமாச்சு." கொஞ்ச தூரம் போனதும், "இதைக் கேட்டதுல எனக்கு மனசு ஆறல, தெரிஞ்சுக்குங்க," என்றும் சொன்னார்.

தபால்காரர் தம்பதி அதன்பிறகு அந்த வேனில் ஏறவே இல்லை. மற்றவர்கள் வந்தார்கள். ஆனால் பழைய கோயிலைப் பற்றிய பேச்சு வேனுக்குள் நின்றுபோனது. மழை ஒழுகிய பெஞ்சும் புறாவும் கிரீச்சிட்ட கதவும் அவர் காதில் விழாத இடத்தில் பேசப்பட்டன. அந்தப் பேச்சு இல்லாத ஆறு மைல் இவ்வளவு நீளம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு நல்ல மழை. வேன் குடியிருப்பின் முனையில் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் டீச்சர் நின்றிருந்தார். நீளமாகச் சுருட்டிய எதையோ பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குடையைத் தனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளும் முதுகும் நனைந்து போயிருந்தன. வேன்காரர் நிறுத்தினார். கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

டீச்சரே முன் கதவுப் பக்கம் வந்தார். கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இது நனையக் கூடாது," என்று சுருளை உள்ளே நீட்டினார். "இன்னைக்கு மாட்டணும்னு சாமியார் சொல்லியிருக்கார். கொண்டு போய் பத்திரமா வைங்க."

"ஏறுங்க டீச்சர், முன் சீட்டு காலியாத்தான் இருக்கு."

"நான் பஸ்ல வர்றேன்."

அவர் திரும்பிப் போய் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டார். வேன்காரர் சுருளை முன் சீட்டில் சாய்த்து வைத்து, சீட்டு பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். வழியில் ஒரு பள்ளத்தில்கூட வேனை விடவில்லை. பூசைக்குப் பத்து நிமிஷம் தாமதமானதை அன்று யாரும் குறை சொல்லவில்லை.

டீச்சர் வந்து சேர்ந்தபோது பூசை பாதி முடிந்துவிட்டது. பூசை கலைந்ததும் பக்கவாட்டுச் சுவரின் முன்னால் ஸ்டூல் போட்டார்கள். டீச்சர் தாளை விரித்தார். மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அவரே பிடித்தார். மறு பக்கத்துக்குச் சுற்றிலும் பார்த்தார். மாப்பிள்ளை நின்றார், நர்ஸம்மா நின்றார்.

"நீங்க அந்த மூலையைப் பிடிங்க," என்றார் வேன்காரரைப் பார்த்து. "கொஞ்சம் மேலே. இன்னும் மேலே. சரி, அசையாம நில்லுங்க."

அவர் அசையாமல் நின்றார். முகத்துக்கு நேரே வரிசை வரிசையாகப் பெயர்கள். சர்வேயரின் பெயர் எங்கே இருக்கும் என்று தெரிந்தும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஆணி அடித்து முடியும்வரை மூலையை மட்டும் பார்த்துக்கொண்டு, கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார்.

மழை அதற்குள் விட்டிருந்தது. டீச்சர் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.